பெட்டிக்குள் கேட்ட சத்தம்

பார்சல் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம் அண்ணா வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். எட்டு விநாடி. பேச்சு ஒன்றும் இல்லை. பெட்டியை மெதுவாக ஆட்டுகிற சத்தம் மட்டும்தான். கிலுக், கிலுக். உண்டியலுக்குள் ஒரேயொரு குத்தி கிடந்தால் எப்படிக் கேட்குமோ அப்படி.

நான் அப்போது கம்பஸ் கன்ரீனில் ரோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பிறகு ரோலை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன். அந்தப் பெட்டிக்குள் இருந்தது அண்ணாவின் மைக். அண்ணா என்றால் என் சொந்த அண்ணா இல்லை, நண்பியின் அண்ணா. வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையை ஸ்ரூடியோவாக்கி, அதில் வருகிற காசில் சீவிக்கிறவர். என்னை இரண்டு தரம்தான் நேரில் கண்டிருக்கிறார். அப்படியிருந்தும் நம்பித் தந்தவர்.

எதற்கு மைக் என்று சொல்லவேண்டும். என்னுடைய இறுதி வருட ஆய்வு அப்பப்பாவின் கூத்துப் பாட்டுகளைப் பற்றியது. அப்பப்பா எங்கள் கரையோர ஊரில் இளந்தாரியாய் இருக்கும்போதே வேதக் கூத்துகளில் ஆடத் தொடங்கியவர். பிறகு அண்ணாவியார். இப்போது வயது 81. அவருடைய கூத்துக் கொப்பி 95 இடப்பெயர்வோடு போய்விட்டது. ஆக, அந்தப் பாட்டுகள் இருக்கிற ஒரே இடம் அவருடைய தலை.

முதலில் போனில்தான் பதிந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், தாத்தா உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கிற இடத்தில் குரல் தேய்ந்து காணாமற்போகிறது. போனில் பிழை இல்லை. அது ஆக்கள் கதைப்பதற்கென்று செய்தது. விட்டுவிட்டு வருகிற சத்தத்தைப் பேச்சென்று எடுக்கும், ஒரே மட்டத்தில் நீண்டு நிற்கிற சத்தத்தை ஃபான் இரைச்சல் என்று நினைத்து அமத்திவிடும். கூத்தில் ராசா கொலுவுக்கு வருகிற பாட்டை என் போன் ஃபான் என்று முடிவுகட்டிவிட்டது.

அதனால்தான் கொண்டென்சர் மைக். நான் யாழ்தேவியில் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மரப்பெட்டி, உள்ளே மைக், அதை ஏந்துகிற இலாஸ்ரிக் கூடு. மைக்கைக் கையில் எடுத்தபோது பாரமாக இருந்தது. நல்ல பலமான சாமான் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அப்பப்பாவுக்குத் தெரிந்த மைக் எல்லாம் கோயில் திருநாள் மேடையில் நிற்கிறவை. விரலால் தட்டி, பூ பூ என்று ஊதி, "அலோ அலோ" சொல்லித் தொடங்குகிறவை. இதையும் தட்டப்போனார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"ஏன் பிள்ளை, கடிக்குமே?"

"கடிக்காது அப்பப்பா. ஊதவும் கூடாதாம், தட்டவும் கூடாதாம்."

"அப்ப இது மைக் இல்லை. சீமாட்டி."

இரண்டு பின்னேரம் பதிந்தோம். ஃபானை நிற்பாட்டி, கோழியைக் கலைத்து, கோயில் மணி அடிக்கிற நேரம் விட்டு. முதல் நாள் முடிய ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் கழற்றினார். "என்ர மூச்சு வாங்கிறதெல்லாம் கேக்குது மோனை. வயசு போட்டுதெண்டு இது எனக்குச் சொல்லுது." கோபமா சந்தோசமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பாதிக் கூத்துப் பதிந்து முடிந்திருந்தது. மிச்சத்தைத் திருநாள் முடியப் பாடுகிறேன் என்றார்.

இடையில் அண்ணாவுக்கு ஒரு வேலை வந்தது, மைக் வெள்ளிக்கிழமைக்கு முதல் வேண்டும். எனக்கு அந்தக் கிழமை பரீட்சை. பார்சலில் போடுகிறேன் என்றேன். "வடிவாப் பொதிஞ்சு போடும்" என்றார். நானும் வடிவாகத்தான் பொதிந்தேன். அதாவது, பார்க்க வடிவாக.

மைக்கை இலாஸ்ரிக் கூட்டிலிருந்து கழற்றவில்லை. அந்தக் கூடு பாதுகாப்புக்குத்தானே என்று நினைத்தேன். கூட்டோடு மரப்பெட்டிக்குள் மூடி பூட்டுப்படவில்லை. அதனால் மரப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு (பிறகு தரலாம்தானே), மைக்கைக் கூட்டோடு ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இறக்கி, சுற்றிவர உதயன் பேப்பரைக் கசக்கி அடைந்து, மேலே பிரவுண் டேப் சுற்றி, "உடையக்கூடியது" என்று மூன்று மொழியிலும் எழுதிய ஸ்ரிக்கர் ஒட்டினேன். அந்த ஸ்ரிக்கரில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தக் கிலுக் சத்தம் கேட்ட அன்று பின்னேரமே பேஸ்புக்கில் எழுதினேன். பார்சல் நிறுவனத்தின் பெயரைப் போட்டு, ஸ்ரிக்கர் ஒட்டிய பெட்டியின் படத்தையும் போட்டு, "ஏழை மாணவர்களின் கனவைத் தூக்கி எறிகிறவர்கள்" என்று. எனக்கு எழுத வரும், கலைப்பீடம்தானே. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். அடுத்த நாள் காலை ஒரு பெடியன் உள்பெட்டியில் எழுதியிருந்தான்.

"அக்கா, அண்டைக்கு ராத்திரி உங்கட பெட்டிய லொறியில ஏத்தினது நான்தான். நான் எறியேல்லை."

அவ்வளவுதான் எழுதியிருந்தான். நான் பதில் போடவில்லை. குற்றம் செய்தவன் வேறென்ன சொல்லுவான் என்று நினைத்தேன்.

இரவு அண்ணா வீடியோ கோல் எடுத்தார். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கூடப் பயம். மேசையில் வெள்ளைத் துணி விரித்து மைக்கைக் கிடத்தியிருந்தார். "பாரும், நானும் கனநாள் திறந்து பார்க்கேல்லை" என்று சொல்லித் திருகாணியைக் கழற்றத் தொடங்கினார்.

முதலில் தலைப்பக்கத்து வலை வந்தது. வெளியில் பருமனான வலை, உள்ளே நுணுக்கமான வலை. காத்தையும் எச்சிலையும் கொஞ்சம் தடுக்கும், அதைவிட முக்கியமாக, சுற்றியிருக்கிற மின் இரைச்சல் உள்ளே போகாமல் மறிக்கும் என்றார். வலை கழன்றதும் அந்தக் கிலுக் சத்தத்தின் சொந்தக்காரர் தெரிந்தார். பத்து ரூபாய்க் குத்தியைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், பொன் நிறம், இரண்டு மெல்லிய வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கி நின்ற பிளாஸ்ரிக் கால் அடியோடு முறிந்திருந்தது.

"இதுதான் மைக். மிச்சமெல்லாம் இதுக்குக் காவல்."

அந்த வட்டத்துக்கு கப்சியூல் என்று பெயர். அதன் முகத்தில் விரித்துக் கட்டியிருப்பது மைலர் என்கிற பிளாஸ்ரிக் தாள். இப்படியான மைக்குகளில் அதன் தடிப்பு வழக்கமாக 6 மைக்குரோமீற்றர் அளவில் இருக்கும். எங்கள் தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே கண்ணுக்குத் தனியாகத் தெரியாத அளவுக்கு மெல்லிய பொன் பூச்சு. சுற்றிவர வளையத்தில் குட்டிக் குட்டித் திருகாணிகள், மத்தளத்துக்கு வார் இழுத்துக் கட்டுவதைப் போல, தாளைச் சமனாக இழுத்துப் பிடிக்க. தாளுக்குப் பின்னால், ஒரு மயிரிழைகூட நுழையாத இடைவெளி விட்டு, துளைகள் போட்ட பித்தளைத் தட்டு.

தாளும் தட்டும் சேர்ந்து ஒரு கொள்ளளவி. அதில் மின்னேற்றம் ஏற்றி வைத்திருக்கும். குரல் பட்டுத் தாள் அசைய, இடைவெளி கூடிக் குறையும், அதோடு கொள்ளளவமும் மாறும். ஏறின மின்னேற்றம் தப்பி ஓடாமல் ஒரு பெரிய தடை மறித்து நிற்கும், நூறு கோடி ஓம் அளவில். மின்னேற்றம் மாறாமல் நிற்க, வோல்ற்றளவு குரலோடு சேர்ந்து ஆடும். அந்தச் சின்ன ஆட்டத்தைப் பக்கத்திலேயே ஒரு திரான்சிஸ்டர் பிடித்து, வயரில் போகக்கூடிய அளவுக்குப் பலப்படுத்திக் கொடுக்கும். 1916இல் அமெரிக்காவில் வென்ற் என்பவர் செய்துகாட்டிய யோசனை இது. அடிப்படை இன்றைக்கும் அதேதான். என் போனுக்குள் இருக்கிற மைக்கும் இதே குடும்பம், சிலிக்கனில் செய்த குட்டிப்பிள்ளை.

நான் கேட்காமலே இன்னொரு கதையும் சொன்னார். இந்த மைக்குகளுக்கு 48 வோல்ற்று மின்சாரம் மைக் வயரிலேயே போகும். ஏன் 48? 1966இல் ஜேர்மனியின் நொய்மான் நிறுவனம் நோர்வே வானொலிக்கு மைக் செய்து கொடுத்தபோது, அந்த வானொலியின் ஸ்ரூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ற்று ஏற்கெனவே இருந்ததாம். இருக்கிறதையே பாவிப்போம் என்று பாவித்தது உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. கரண்ட் போனால் எரிகிற லைற்றுக்கு வைத்திருந்த மின்சாரத்தில்தான் என் அப்பப்பா பாடியிருக்கிறார்.

அண்ணா டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். பொன் தாளில் ஒரு மடிப்பு, அதன் நடுவில் ஊசிமுனை அளவு கிழிசல். கால் முறிந்து கப்சியூல் வலையில் போய் மோதியிருக்கிறது. "இது ஒட்டுற சாமான் இல்லை. கப்சியூல் முழுசா மாத்தோணும்."

"அவங்கள் எறிஞ்சிருக்கிறாங்கள் அண்ணா" என்றேன்.

"இருக்கலாம். நீர் எப்பிடிப் பொதிஞ்சனீர்?"

சொன்னேன். இலாஸ்ரிக் கூட்டோடு என்றதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கூடு மைக்கைக் காப்பாற்றுவதற்கு இல்லையாம். அது ஒலிப்பதிவைக் காப்பாற்றுவதற்கு. ஆரும் நிலத்தில் நடக்கிற அதிர்வு, மேசையைத் தட்டுகிற அதிர்வு, இப்படிச் சின்னச் சின்னச் சங்கதிகள் ஸ்ராண்ட் வழியே ஏறி வராமல் இருக்க மைக்கைத் தொங்கவிட்டிருக்கிறது. பெட்டி விழுந்தால் அதே இலாஸ்ரிக் இழுபட்டு மைக்கைக் கூட்டின் இரும்பிலேயே கொண்டுபோய் அடிக்கும். பேப்பரும் அப்படித்தான். கசக்கின பேப்பர் ஒருக்கால் நசிந்தால் திரும்ப எழும்பாது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அளவு, வழி முழுக்கக் குலுக்கம். வவுனியா தாண்டமுதலே பேப்பர் அமர்ந்து, மைக் உள்ளுக்கு ஓடித்திரியத் தொடங்கியிருக்கும்.

பிறகு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். நான் உயர்தரத்தில் தமிழ், நாடகம், புவியியல். பௌதிகம் என்றால் பக்கத்து வகுப்பு. இருந்தாலும் இது விளங்கியது.

ஒரு பெட்டி 1 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிறது. ஒரு ஆள் இடுப்பளவில் பிடித்திருக்கிற உயரம். நிலத்தில் மோதி 1 மில்லிமீற்றருக்குள் நின்றுவிட்டால், நிற்கிற அந்தக் கணத்தில் உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானும் சராசரியாகத் தன் பாரத்தைப் போல 1000 மடங்கு அழுத்தும். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் பிரித்தால் வருகிற எண் அது. கப்சியூல் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 மடங்கென்றால் 50 கிலோ. ஒரு அரிசி மூட்டை. அதை ஒரு விரல் அளவு பிளாஸ்ரிக் காலின் மேல் தூக்கி வைத்தால் என்ன நடக்கும்?

அதே பெட்டி, அதே உயரம். ஆனால் மைக் 5 சென்ரிமீற்றர் தூரம் ஸ்பொஞ்சுக்குள் மெல்ல மெல்லப் புதைந்து நிற்கிறது. அப்போது 20 மடங்கு. 1 கிலோ. ஒரு சீனிப் பை.

விழுகிற உயரத்தை நாங்கள் தீர்மானிக்க முடியாது. நிற்கிற தூரத்தைத் தீர்மானிக்கலாம். பாரமான உடம்பைத் தடவிப் பார்த்து "பலமான சாமான்" என்று நான் நினைத்ததும் பிழை. மைக்கின் பித்தளை உடம்புக்கு விழுந்தாலும் ஒன்றும் இல்லை. ஆனால் உடம்பு எவ்வளவு பாரமோ அவ்வளவுக்குப் பேப்பரை நசித்துக்கொண்டு போகும்.

கோலை வைத்துவிட்டு அந்தப் பெடியனின் செய்தியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். நான் எறியேல்லை. அவன் எறியாமலும் இருந்திருக்கலாம். கை வழுக்கியிருக்கலாம். மேலே இருந்த வேறொரு பெட்டி சரிந்திருக்கலாம். ஒன்றுமே விழாமல், குலுங்கிக் குலுங்கியே கால் முறிந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை, தெரிந்த மாதிரி, பெயர் போட்டு எழுதியிருந்தேன். ஆய்வு முறையியல் பாடத்தில் நான் ஏ எடுத்தவள்.

இரண்டு நாள் இழுத்தடித்தேன். பதிவை அழித்தால் போதும், மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். பிறகு, பிழையாகப் பொதிந்தது நான்தான், எழுதினதுக்கு மன்னிக்கவும் என்று பகிரங்கமாகவே எழுதினேன். முதல் பதிவைப் பகிர்ந்தவர்களில் இதைப் பகிர்ந்தவர்களைக் கையில் எண்ணலாம். அவனுக்கும் தனியாக எழுதினேன். கனநேரம் கழித்துப் பதில் வந்தது.

"பரவாயில்லை அக்கா. எங்கள மனேஜர் கூப்பிட்டுக் கேட்டவர், அவ்வளவுதான். ஆனா ஒண்டு, நாங்கள் எறியாட்டிலும் பெட்டி விழும். விழுமெண்டு நினைச்சுக் கட்டுங்கோ."

"கூப்பிட்டுக் கேட்டவர், அவ்வளவுதான்" என்பதை நான் நம்பவில்லை. திரும்பிக் கேட்கவும் துணியவில்லை.

புதுக் கப்சியூல் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. மகாபொலக் காசு மூன்று மாதம் அதற்குப் போனது. அண்ணா பாதியைத் தான் போடுகிறேன் என்றார், நான் விடவில்லை. வந்து, சுங்கம் தாண்டி, அவர் முறிந்த காலை மாற்றி, மயிர் போன்ற வயர்களைப் பற்றுவைத்து முடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தாளில் விரல் பட்டால் போச்சு. விரலின் எண்ணெயும் ஈரமும் அந்த நூறு கோடி ஓம் காவலைச் சுற்றி மின்னேற்றத்துக்குக் கள்ளப்பாதை திறந்துவிடும். பிறகு மைக் பொரிகிற மாதிரிச் சத்தம் போடும். எங்கள் ஊர் உப்புக்காற்றில் மைக்கை வெளியில் வைக்கவேண்டாம் என்று அவர் அப்போதே சொன்னது இதற்குத்தானாம்.

அந்த இரண்டு மாதத்துக்குள் திருநாள் வந்து போனது. அதற்கடுத்த கிழமை அப்பப்பாவுக்கு நெஞ்சுச்சளி கட்டி, பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். ஆள் திரும்பி வந்தார். குரல் முழுதாகத் திரும்பி வரவில்லை.

மைக்கை நான் திரும்பப் போய் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அப்பப்பா கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்துகொண்டு மிச்சப் பாதியைப் பாடினார். உச்சத்துக்குப் போகிற இடங்களில் குரல் ஏறவில்லை. அந்த இடம் வரும்போது பாட்டை நிற்பாட்டி, கையை மேலே உயர்த்தி, "இதில மேல போகோணும், விளங்குதே?" என்று சொல்லிவிட்டுக் கீழேயே பாடினார். எல்லாம் பதிவில் இருக்கிறது. மூச்சு, இருமல், கட்டில் கிரீச்சிடுவது, "விளங்குதே" எல்லாம். கை உயர்ந்தது மட்டும் இல்லை. மைக்குக்குக் கை தெரியாது.

முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒரே மைக்கில், ஒரே ஆள் பாடினது. அடுத்தடுத்துக் கேட்டால் இருபது வருட இடைவெளி மாதிரி இருக்கிறது. அதில் வருத்தத்தின் பங்கு எவ்வளவு, நான் பிந்த வைத்ததின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. ஆய்வில் இதை ஒரு அடிக்குறிப்பாக எழுதியிருக்கிறேன்: இரண்டாம் பகுதி பாடகர் சுகவீனமுற்றபின் பதியப்பட்டது. மேற்பார்வையாளர் அந்த வரி போதும் என்றார்.

மைக்கை இந்த முறையும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் நினைத்தேன். அண்ணா மறித்துவிட்டார். "பார்சலில போடும். ஒருக்காப் பிழைச்சதெண்டு வாழ்நாள் முழுக்க மடியில வைச்சுக்கொண்டு திரியிறதே?"

மைக்கைக் கூட்டிலிருந்து கழற்றினேன். ஒரு நாள் உலர வைத்து, பொலித்தீன் பைக்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பைக்கற் இரண்டு போட்டுக் கட்டினேன். மரப்பெட்டிக்குள் மைக்கின் உருவத்துக்கு வெட்டிய ஸ்பொஞ்சில் கிடத்தி, மூடியைப் பூட்டி, காதோடு வைத்து ஆட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. கூட்டையும் வயரையும் வேறு பொதியாகக் கட்டினேன், அவை மைக்கோடு மோதக்கூடாது. ஊரில் குஷன் அடிக்கிற கடையில் வெட்டுத்துண்டு ஸ்பொஞ் வாங்கினேன். கையால் அமத்தினால் புதையவேண்டும், ஆனால் அடிவரைக்கும் போகக்கூடாது, விட்டவுடன் எழும்பவேண்டும். பெரிய பெட்டியில் கீழே ஏழு சென்ரிமீற்றர், நாலு பக்கமும் ஏழு, மேலே ஏழு. நடுவில் மரப்பெட்டி. மேல்மூடி கொஞ்சம் அமத்தித்தான் மூடுபட்டது. திரும்ப ஆட்டிப் பார்த்தேன்.

பிறகு அந்தப் பெட்டியை இடுப்பளவுக்குத் தூக்கி, சீமெந்து நிலத்தில் விட்டேன்.

அம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தா. அப்பப்பா கட்டிலில் இருந்தபடி "என்ன பிள்ளை விழுந்தது?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை அப்பப்பா, சீமாட்டி" என்றேன். பெட்டியைக் காதோடு வைத்து ஆட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை.

அதே நிறுவனத்தில்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஸ்ரிக்கர் ஒட்டவில்லை. கவுண்டரில் நின்ற பெடியன் உள்ளுக்கு என்ன என்று கேட்டான். மைக் என்றேன். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். அவன்தானோ என்று கேட்க வாய் வரவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, தராசில் வைத்தான்.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணாவிடமிருந்து குரல் பதிவு. எட்டு விநாடிதான் இதுவும். கன்ரீனில் அந்தச் சத்தத்துக்குள் ஒன்றும் கேட்கவில்லை என்று வெளியில் மாமரத்தடிக்குப் போய், போனைக் காதில் அமத்திப் பிடித்துக் கேட்டேன். அங்கேயும் ஒன்றும் கேட்கவில்லை.